பறக்கும் வண்டி முதலில் நோயாளியைத் தூக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் பறக்கும் கார் பற்றி வந்த கட்டுரையை டீக்கடையில் நாலைந்து பேர் சேர்ந்து படித்தோம். "இனிமே காளவாசல் சிக்னல்ல நிக்க வேண்டியதில்லப்பா" என்றார் ஒருவர். எனக்கு அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. பன்னிரண்டு வருடம் 108 ஆம்புலன்ஸ் ஓட்டியவன் நான். எங்கள் வேலையில் ஓட்டுநரை 'பைலட்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

உசிலம்பட்டியிலிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம். செக்கானூரணி தாண்டி நாகமலை புதுக்கோட்டை வரைக்கும் சைரன் போட்டால் வழி கிடைத்துவிடும். அப்புறம் வருகிற பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் சோதனை. காளவாசல், அரசரடி, சிம்மக்கல், வைகைப் பாலம், கோரிப்பாளையம். முன்னால் வந்த முப்பது கிலோமீட்டருக்கு ஆன நேரம் இதற்கும் ஆகும்.

2014 ஐப்பசியில் ஒரு சாயங்காலம், நல்ல மழை. பிரசவம் முடிந்து ரத்தப்போக்கு நிற்காத பெண், இருபத்திரண்டு வயது. மாமியார் அவள் கால் பக்கம் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார். அரசரடி கிட்டே முன்னாலும் பஸ், பின்னாலும் பஸ். பின்பக்கமிருந்து இ.எம்.டி. (நோயாளியைக் கவனிக்க வண்டியில் கூட வரும் மருத்துவ உதவியாளர்) கண்ணாடியைத் தட்டி, "அண்ணே, பிரஷர் இறங்குது" என்றார். நான் இறங்கி மழையில் ஓடி ஒவ்வொரு வண்டியாகக் கெஞ்சினேன். கல்லூரிப் பையன்கள் சிலர் பைக்குகளைத் தூக்கி நடைபாதையில் வைத்து வழி விட்டார்கள். அந்தப் பெண் பிழைத்துவிட்டாள். அவள் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், சந்தையில் பார்த்தேன். ஆனால் அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, இந்த வண்டி அப்படியே மேலே எழும்பாதா என்று மனதார ஏங்கினேன். அதனால் பறக்கும் கார் வேண்டாம் என்று சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

ஆனால் பறக்கும் கார் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வண்டிகளைச் சேர்த்துப் பேசுகிறோம். ஒன்று, ரோட்டில் கார், மேலே போனால் விமானம். ஸ்லோவாக்கியா நாட்டின் ஏர்கார் இந்த வகை. 2021 ஜூன் 28 அன்று நித்ரா விமான நிலையத்திலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிடத்தில் பறந்து, இறங்கியதும் இறக்கையை மடக்கிக்கொண்டு ஊருக்குள் போனது. மறு வருடம் அந்த நாட்டின் சான்றிதழும் கிடைத்தது. பெரிய சாதனைதான். ஆனாலும் ஏறவும் இறங்கவும் அதற்கு ஓடுபாதை வேண்டும். காளவாசலில் மாட்டிக்கொண்டவருக்கு அதனால் என்ன பயன்? 1947-இல் அமெரிக்காவில் கான்வேர் நிறுவனம் காருக்கு மேலே இறக்கை பொருத்திப் பறக்கவிட்டது. அதில் காருக்கு ஒரு எரிபொருள் முள், விமானத்துக்கு ஒரு முள். ஓட்டியவர் கார் முள்ளைப் பார்த்து எரிபொருள் நிறைய இருக்கிறது என்று நம்பிக் கிளம்பிவிட்டார். நடுவானில் தீர்ந்துபோய் வண்டி தரையில் மோதி நொறுங்கியது. அவர் உயிர் பிழைத்தார். பதினாறு மணி நேரம் தொடர்ந்து வண்டி ஓட்டியவனுக்கு இந்தத் தவறு எப்படி நடந்திருக்கும் என்று நன்றாகப் புரியும்.

இரண்டாவது வகை, நின்ற இடத்திலிருந்து செங்குத்தாக எழும்பும் மின்சார வண்டி. பெரிய ட்ரோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு ஆக வேண்டியது இதுதான். இதன் கஷ்டம் எனக்கு என் தம்பி மகனால் புரிந்தது. அவன் சோழவந்தான் பக்கம் நெல் வயலுக்கு ட்ரோனில் மருந்து அடிக்கிறான். பத்து லிட்டர் டேங்க். ஒரு ஏக்கர் முடிக்க ஏழெட்டு நிமிடம், அதற்குள் பேட்டரி இறங்கிவிடும். குட்டி யானை வண்டியில் ஜெனரேட்டரும் நாலு செட் பேட்டரியுமாகத்தான் வயலுக்குப் போவான். இறக்கியதும் உடனே சார்ஜ் போட மாட்டான். "சூடு ஆறணும் பெரியப்பா, இல்லேன்னா பேட்டரி போயிரும்" என்பான். பத்து லிட்டர் மருந்துக்கே இந்தப் பாடு.

ஒரு கிலோ பெட்ரோலில் ஏறக்குறைய 12,000 வாட் மணி ஆற்றல் இருக்கிறது. நல்ல லித்தியம் பேட்டரியில் கிலோவுக்கு 250 சுற்றி. இன்ஜின் சூடாக வீணாக்குவதைக் கழித்தாலும் பெட்ரோல் பத்து மடங்குக்கு மேல் முன்னால் நிற்கும். பெட்ரோல் எரிய எரிய வண்டி எடை குறையும், பேட்டரி காலியானாலும் அதே கனம். சீனாவில் ஈஹாங் நிறுவனத்தின் இரண்டு பேர் உட்காரும் வண்டிக்கு 2023 அக்டோபரில் அரசு அனுமதி கிடைத்தது. அது ஒரு சார்ஜில் சுமார் 30 கிலோமீட்டர் போகும். உசிலம்பட்டியில் ஏறினால் நாகமலை வரைதான்.

என் வண்டியில் நோயாளி மட்டுமா வருவார்? ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன் சிலிண்டர், இ.எம்.டி., அப்புறம் கூட வரும் அம்மா அல்லது மாமியார். பறக்கும் வண்டியில் முதலில் இறக்கிவிடப்படுவது அந்த அம்மாதான். அவர் பின்னாலேயே பஸ் பிடித்து வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் எந்த வார்டு என்று தேடி அலைய வேண்டும். இதையும் யாராவது யோசிக்க வேண்டும்.

காற்று இன்னொன்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் பக்கத்தில் வெறும் பழமொழி இல்லை. ஆண்டிப்பட்டிக் கணவாயில் ஆம்புலன்ஸே பக்கவாட்டில் தள்ளும். அந்தக் காற்றை நம்பித்தான் தேனிப் பக்கம் காற்றாலை நட்டிருக்கிறார்கள். ரோட்டில் கோளாறு என்றால் ஓரம் கட்டலாம், ஆகாயத்தில் ஏது ஓரம்?

ஜெர்மனியின் வோலோகாப்டர் நிறுவனம் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பயணிகளை ஏற்றிக் காட்டுவதாக இருந்தது. அனுமதி வந்து சேரவில்லை. அந்த வருடக் கடைசியிலேயே திவால் மனு கொடுத்தது. பணமும் படிப்பும் உள்ள ஊரிலேயே இப்படி. நம் சென்னை ஐஐடியில் உருவான ஈபிளேன் நிறுவனம் இதே வகையில் ஏர் ஆம்புலன்ஸ் செய்கிறது. 788 வண்டிகளுக்கு 2025-இல் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பணக்காரர் ஆபீஸ் போவதற்கு என்று இல்லாமல் உயிர் பிழைப்பதற்கு என்று நினைத்தார்களே.

அப்படி ஒன்று உசிலம்பட்டிக்கு வந்தால் எங்கே இறங்கும்? ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்த்தால் மின்கம்பி, கேபிள் ஒயர், பிளக்ஸ் சட்டம். மதுரையில் இறங்கி அங்கிருந்து மறுபடி ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டுமென்றால், அதே கோரிப்பாளையம் நெரிசல் முன்னால் வந்து நிற்கும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீப்பிடித்தபோது விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆனாலும் இருட்டில் மலைச்சரிவிலிருந்து காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு இறங்கியது மனிதர்கள்தான்.

அதனால் என் கோரிக்கை இதுதான். தாலுகா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு திடலை இப்போதே ஒதுக்க வேண்டும். மேலே ஒரு கம்பி இருக்கக் கூடாது. தரை சிமெண்டாக, புழுதி கிளம்பாமல் இருக்க வேண்டும். ராத்திரி விளக்கு, ஆடு மாடு நுழையாமல் வேலி, காற்றின் வேகத்தை வருடம் முழுக்கக் குறித்துவைக்க ஒரு கருவி. மதுரையில் இனிமேல் பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடம் எது எழுந்தாலும் மொட்டைமாடியில் இறங்குதளமும், அங்கிருந்து நேராக அறுவை அரங்குக்கு லிப்டும் வரைபடத்திலேயே இருக்கட்டும். பறக்கும் வண்டி பத்து வருடம் தாமதமானாலும் அதுவரை ஹெலிகாப்டர் இறங்கும், ரத்தப் பை கொண்டுவரும் ட்ரோன் இறங்கும்.

உசிலம்பட்டியில் அதற்குத் தோதான புறம்போக்கு நிலம் எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அளந்து பார்க்க அதிகாரிகள் எவர் வந்தாலும், எந்த நேரமானாலும், கூட நடந்து வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆம்புலன்ஸ் ஓட்டுநர் (ஓய்வு),
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.