அம்மாவின் கண் ஊசியும் உன் கேள்வியும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தள்ளிப்போனதற்கு அம்மாவின் கண்தான் காரணம். சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்துக்கொண்டது; மாதம் ஒரு ஊசி, அதுவும் கண்ணுக்குள்ளேயே. எனக்குத்தான் தலை சுற்றியது. அம்மா, "சுருக்குன்னுச்சு, அவ்வளவுதான்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

அந்த மருந்துப் பெட்டியைப் படித்தபோதுதான் நீ கேட்டது ஞாபகம் வந்தது. உன் எண்டோமெட்ரியோசிஸில், கருப்பையின் உள்உறை போன்ற திசு கருப்பைக்கு வெளியே ஒட்டிக்கொள்கிறதே, அதற்கு யார் சோறு போடுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். புது ரத்தக்குழாய்களை வளரச் சொல்லும் விஇஜிஎஃப் (VEGF) என்ற புரதம். அம்மாவின் கண்ணில் ஊசி போட்டு அடக்குவதும் அதைத்தான்.

மாதவிலக்கின்போது கொஞ்சம் ரத்தம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடப்பதுதான். சாம்ப்சன் என்ற மருத்துவர் 1920களிலேயே இதை வைத்து இந்த நோயை விளக்கினார். ஆனால் எண்டோமெட்ரியோசிஸ் வருவது ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு. விழுந்த விதையெல்லாம் முளைப்பதில்லை. முளைத்ததும் தண்ணீர் கிடைத்தால்தான் நிற்கும்.

ரத்தக்குழாயிலிருந்து மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு பங்கு தள்ளிப் போனாலே செல்லுக்குப் பிராணவாயு எட்டாது. அப்படி மூச்சுமுட்டும் செல்களில் ஹெச்ஐஎஃப் என்றொரு புரதம் சேர்கிறது. அது விஇஜிஎஃபைச் சுரக்கச் சொல்கிறது. ஈஸ்ட்ரோஜனும் தன் பங்குக்குத் தூண்டிவிடும். எனக்கு எரிச்சல் மூட்டுவது மேக்ரோஃபேஜ்கள்தான். குப்பை அள்ள வருகிற செல்கள் அவை. இங்கே வந்து அள்ளாமல், அவையும் அதே புரதத்தைச் சுரந்து உபசாரம் செய்கின்றன.

பக்கத்திலிருக்கும் நுண்குழாய்க்கு அந்த அழைப்பு எட்டியதும் அதன் சுவரைச் சுற்றியுள்ள மெல்லிய உறை நொதிகளால் கரைகிறது. ஒரு செல் மட்டும் முன்னே வந்து, விரல் விரலாக நீட்டித் துழாவிக்கொண்டே போகும். மற்றவை பின்னால் பெருகி வரிசை கட்டும். உள்ளே துளை விழுந்து, இன்னொரு முளையோடு இணைந்ததும் ரத்தம் ஓடத் தொடங்கிவிடும். புதுக்குழாயைப் பெரிசைட் என்ற செல்கள் வந்து அணைத்துக்கொண்டால் அது முதிர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதன்பின் விஇஜிஎஃபை நிறுத்தினாலும் எளிதில் வாடாது.

போன வாரம் இப்படி ஒட்டி வளர்ந்த திசுவின் ஒரு சிவப்புப் புள்ளி, ஸ்லைடாக என் மேஜைக்கு வந்தது. குழாய்ச் சுவர் மட்டும் பழுப்பாகத் தெரியும் சாயம். சுரப்பியைச் சுற்றிச் சின்னச் சின்ன பழுப்பு வளையங்கள், சிலவற்றுள் சிவப்பணுக்கள் நெருக்கியடித்து நின்றன. உன் ஆபரேஷன் வீடியோவில் பார்த்தாயே, சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று மூன்று நிறம்? சிவப்பில்தான் குழாய்கள் அதிகம், வேகமும் அதிகம். வெள்ளை பெரும்பாலும் தழும்பு.

இன்னொன்று, குழாய் போகிற வழியிலேயே நரம்பு இழைகளும் கூட வளர்ந்துவிடும். அதனால் புள்ளி கடுகளவு என்றாலும் வலி கடுகளவாக இருக்க வேண்டியதில்லை. "இவ்வளவு சின்னதுக்கா இவ்வளவு அலட்டல்" என்று உன்னிடம் சொன்னவரை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

சரி, அம்மாவுக்குப் போடும் ஊசியை உனக்கும் போட்டால் என்ன என்று அடுத்து கேட்பாய். எலிகளில் அந்த வகை மருந்துகள் திசுவைச் சுருக்கியிருக்கின்றன. ஆனால் கண் ஒரு மூடிய சின்ன அறை. உன் வயிற்றிலோ, கருமுட்டை வெளியேறிய இடத்தில் சினைப்பை மாதாமாதம் புதுக்குழாய்களை வளர்க்க வேண்டும், கருப்பையும் அப்படித்தான். வேண்டியதையும் சேர்த்தே மருந்து வாட்டிவிடும். குழந்தை பற்றி நீ இன்னும் முடிவு செய்யாத நிலையில் அதெல்லாம் வேண்டாம். இப்போதைக்கு ஹார்மோனை அடக்கும் உன் மாத்திரைதான் நடைமுறை வழி. அதை நடுவில் நிறுத்தாதே, உன்னை எனக்குத் தெரியும்.

அடுத்த ஸ்கேன் எப்போது? ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பு. அம்மா உன்னை விசாரித்தாள். மூன்றாவது ஊசிக்குப் பிறகு செய்தித்தாளின் தலைப்புகளைக் கண்ணாடியில்லாமல் படிக்கிறாள். அதை எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, உனக்கும் சொல்லச் சொன்னாள்.

உன்,
பழைய முதல் பெஞ்சுக்காரி