தண்ணியில இறக்காத படகு

செயின்ட் கிளவுட், மினசோட்டா
மார்ச் 9, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

தங்கச்சி கையெழுத்தில் நீங்கள் சொல்லி எழுதிய கடிதம் போன புதன்கிழமை வந்தது. தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை, அம்மா போனை வாங்கினால் அழுகை வந்துவிடுகிறது, நமக்குக் கடிதம் ஒன்றுதான் வழி என்று தெரிந்தும் இவ்வளவு நாள் சும்மா இருந்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஷிப்ட் கேட்டு வாங்கியிருக்கிறேன், பகலில் தூங்கிவிடுகிறேன். வேறு ஒன்றும் இல்லை. நாங்கள் நாலு பேரும் நன்றாக இருக்கிறோம்.

குளிர் எப்படி என்று அம்மா கேட்டிருக்கிறாள். இந்த வருஷம் பரவாயில்லை. ஏரியெல்லாம் இன்னும் கட்டியாக உறைந்துதான் கிடக்கிறது. நாலு அங்குலம் உறைந்தால் ஆள் நடக்கலாம் என்பது இங்கே கணக்கு. ஜனவரியில் லாரி மாதிரி பெரிய வண்டியையே ஏரி நடுவில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். வீட்டுக்குள் ஹீட்டரைக் கொஞ்சம் குறைத்து வைத்து ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறோம். பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டுத் தாத்தா இருக்கிறாரே, அவர் குளிர்காலம் முழுக்க ஏரிமேல் ஒரு மரக் குடிசையை இழுத்துக்கொண்டு போய் வைத்து, பனிக்கட்டியில் துளை போட்டு, அதில் தூண்டில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பகல் பூரா தனியாக. காலை அஞ்சு மணிக்கு நம் வாசல் பனியையும் சேர்த்து வாரிவிட்டுப் போவார், நன்றி சொல்ல நான் கதவைத் திறப்பதற்குள் ஆள் இருக்கமாட்டார். போன மாதம் வாலாய் மீன் ஒரு பை நிறைய முள் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். இந்த ஊரில் அதுதான் பெரிய மீன், நமக்கு வஞ்சிரம் மாதிரி. வெள்ளைச் சதை, முள் குறைவு, ஆனால் உப்புத் தண்ணீர் மீனின் ருசி இல்லை. செல்வி புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். அவருக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினோம். மறுநாள் கிண்ணத்தைக் கழுவி, அதில் நாலு ஆப்பிள் வைத்துக் கொண்டுவந்து தந்தார். அவருக்குப் பெண்டாட்டி தவறி ஆறு வருஷம் ஆகிறதாம்.

நம்ம ஊர் மீன் வேண்டுமென்றால் மினியாபொலிஸ் பக்கம் இந்தியக் கடைக்குப் போகவேண்டும், போகவர மூணு மணி நேரம். வஞ்சிரம் ஐஸ் கட்டியாகக் கிடைக்கும். பெட்ரோலைப் பார்த்து இப்போது அடிக்கடி போவதில்லை. அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாடு இன்னும் ஒரு டப்பா இருக்கிறது, நாள் பார்த்து எடுக்கிறோம்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். "படகு வாங்கப் போறியாமே, எதுக்கு?" என்று ஒரே வரி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நான் படகில் கால் வைக்கவில்லை. அப்பாயியைத் தேடி அலைந்த அந்த மூணு நாளுக்குப் பிறகு என்னை ஒரு தடவைகூட நீங்கள் கடலுக்குக் கூப்பிட்டதில்லை, ஏன் வரவில்லை என்று கேட்டதும் இல்லை. ஹாஸ்டலுக்கு அனுப்பினீர்கள், படிக்கவைத்தீர்கள். இருபது வருஷம் ஆகிவிட்டது.

போன ஆகஸ்டில் பக்கத்து வீட்டுத் தாத்தா பிள்ளைகளைத் தன் படகில் ஏற்றிப்போகட்டுமா என்று கேட்டார். நான் கரையிலேயே நின்றுகொண்டேன். சின்னவன் படகில் ஏறத் தெரியாமல், பக்கவாட்டுப் பலகையில் காலை வைத்து, சரிந்து, பயந்துபோய் அழுதான். ஏழு வயசு. அக்கரைப்பேட்டையில் அந்த வயசில் நான் படகின் முன்முனையில், அணியத்தில் உட்கார்ந்து கயிறு வீசினேன். என் பிள்ளைக்குப் படகில் எங்கே கால் வைப்பது என்று தெரியவில்லை அப்பா. அன்றைக்கு முடிவு பண்ணினேன்.

இங்கே குடும்பத்துக்கென்று ஒரு மாதிரிப் படகு இருக்கிறது. 'ஃபிஷ் அண்ட் ஸ்கீ' என்பார்கள். காலையில் மீன், சாயங்காலம் விளையாட்டு. அணியத்தில் நின்று தூண்டில் வீச மேடை, மீனை எழுப்பாமல் மெல்ல நகர ஒரு சின்ன பேட்டரி மோட்டார், பிடித்த மீன் சாகாமல் இருக்கக் காற்று ஊதும் தொட்டி. பின்பக்கம் மடக்கி விரிக்கிற சீட், கயிறு கட்ட ஒரு கம்பம். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் கால் பலகையில் தண்ணீர்மேல் நின்றபடி வருவார்கள். அந்த விளையாட்டு பிறந்ததே இந்த மாநிலத்தில்தான். 1922-இல் லேக் சிட்டி என்ற ஊரில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயசுப் பையன், இரண்டு பலகை வாங்கி, முனையை வெந்நீரில் வேகவைத்து வளைத்து, பெப்பின் ஏரியில் படகுக்குப் பின்னால் நின்றுகாட்டினானாம். பெரியவளுக்கு இந்தக் கதையைச் சொன்னதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

புதுசு நமக்குக் கட்டாது. பழசுதான். இதுவரை மூணு படகு பார்த்தேன்.

முதல் படகு கண்ணாடி இழை, நம்ம பைபர் மாதிரிதான், 19 அடி, சிவப்பு, பார்க்க அவ்வளவு அழகு. விலையும் மலிவு. அதற்கு இஞ்சின் படகுக்கு உள்ளே இருக்கிறது. இந்த நாட்டில் அதில் ஒரு கெடுதி உண்டு. குளிர் வருவதற்கு முன் இஞ்சினுக்குள் இருக்கும் தண்ணீரைச் சுத்தமாக வடிக்காவிட்டால், அது உறைந்து பெருத்து இரும்பையே பிளந்துவிடும். டார்ச் அடித்துப் பார்த்தேன், பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு வெல்டிங் தழும்பு, மேலே புது பெயின்ட். பேசாமல் வந்துவிட்டேன். வெளியே தொங்குகிற இஞ்சின் என்றால், நிமிர்த்தி நிறுத்தினாலே தண்ணீர் தானாக வடிந்துவிடும். அதனால் வெளி இஞ்சின்தான் என்று தீர்மானித்தேன். போதாக்குறைக்கு நம் வேன் 3,500 பவுண்டு வரைதான் இழுக்கும், ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் மேல். அந்த பைபர், டிரெய்லர், பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் அந்த எல்லையை முட்டிவிடும். அலுமினியப் படகு என்றால் எடை குறைவு. இங்கே ஏரிக்கரையெல்லாம் பாறை, அலுமினியம் இடித்தால் நெளியும், பைபர் வெடிக்கும். நியூயார்க் மில்ஸ் என்று இதே மாநிலத்தில் ஒரு சின்ன ஊர், 'லண்ட்' கம்பெனி அங்கேதான் அலுமினியப் படகு செய்கிறது. பக்கத்து வீட்டுத் தாத்தா வேறு படகைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

இரண்டாவது படகுக்கு இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போனேன். 2008 மாடல் என்றார் விற்கிறவர். படகின் பின்பக்கம் வலதுகைப் பக்கத்தில் 12 எழுத்தில் ஒரு நம்பர் பொறித்திருப்பார்கள், கடைசி இரண்டு எண் மாடல் வருஷம். அதில் 03 என்று இருந்தது. காட்டினேன். மறந்துவிட்டேன் என்றார். அஞ்சு வருஷத்தை ஒரு மனுஷன் எப்படி மறப்பான்? கியர் ஆயில் திருகைக் கழற்றிப் பார்த்தேன், பால் விட்ட காப்பி மாதிரி வந்தது. தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. வெறுங்கையோடு திரும்பினேன்.

மூணாவதுதான் மனசில் நிற்கிறது. 18 அடி அலுமினியம், 2006 மாடல், 115 குதிரைச் சக்தி, நாலு சிலிண்டர். ரிட்டையர் ஆன வாத்தியார் ஒருவருடையது, முழங்கால் முடியாமல் விற்கிறார். வருஷா வருஷம் என்ன ரிப்பேர் செய்தார் என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறார். நாலு சிலிண்டரின் அழுத்தத்தையும் என் கண்முன்னால் அளந்து காட்டினார், ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது, நாலும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருந்தது. படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் இத்தனை பேர், இவ்வளவு எடை, இவ்வளவு சக்தி என்று போட்டிருக்கிறது. ஆறு பேர் போகலாம். நாங்கள் நாலு பேர்.

அப்புறம் பின்பக்கம் போனேன். இஞ்சின் தொங்குகிற பலகை இருக்கிறதே, அலுமினியப் படகிலும் அதற்குள்ளே மரம்தான், இரண்டு தகட்டுக்கு நடுவில் பிளைவுட் வைத்து அடைத்திருப்பார்கள். இஞ்சினைத் தூக்கி நிறுத்தி, அதன் அடிப்பகுதியைப் பிடித்துக் கீழே அமுக்கினேன். பலகை அசையவில்லை. அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றபோது என் கை தானாகப் போனது. தொண்டு நிறுவனத்தார் பைபர் கொடுத்த அன்றைக்கு நீங்கள் செய்தீர்களே, வலது கை முட்டியால் வெளியே தட்டி, இடது உள்ளங்கையை உள்பக்கம் விரித்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு. உங்களுக்கு அப்போதே இஞ்சின் சத்தத்தில் காது போய்விட்டது, கையால்தான் கேட்டீர்கள். அதே மாதிரி விரல்விரலாக நகர்த்தித் தட்டினேன். குளிரில் முட்டி வலித்தது. எல்லா இடத்திலும் உள்ளங்கையில் 'டிண்' என்று வந்தது. மீன் பார்க்கிற கருவிக்குத் திருகு அடித்திருக்கும் மூலையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. மெத்தையைத் தட்டின மாதிரி. திருகு ஓட்டையில் பசை வைக்காமல் விட்டதில் தண்ணீர் போய் மரம் ஊறியிருக்கிறது. என் உள்ளங்கை அகலம் இருக்கும்.

வாத்தியார் என்ன செய்கிறாய் என்று கேட்டார். என் அப்பா இப்படித்தான் பார்ப்பார் என்று சொல்ல வாயைத் திறந்தேன், சொல்ல முடியவில்லை. படகுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் டிரெய்லர் டயரைப் பார்க்கிற மாதிரி நின்றேன். இந்த ஊர்த் தண்ணீருக்கு வாசனையே இல்லை அப்பா. உப்பு இல்லை, அலைச் சத்தம் இல்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது ஒவ்வொரு நாளும் மூணு ஏரியைத் தாண்டித்தான் வருகிறேன், ஒன்றுகூட என்னோடு பேசாது. கடுவையாற்று முகத்துவாரத்தில் விடியற்காலையில் வரும் டீசல் வாசனையும் கருவாட்டு வாசனையும் கலந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மூக்கில் ஏறினால் போதும் என்று இருக்கிறது. இதை அம்மாவுக்குப் படித்துக்காட்ட வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லுங்கள்.

வாத்தியார் 11,800 டாலர் சொல்கிறார். ரூபாயாக மாற்றிப் பார்க்காதீர்கள். வருமான வரியில் பிடித்த பணம் கொஞ்சம் திரும்ப வரும், மீதியைத் தவணையில் கட்டலாம். செல்வி இந்த வருஷம் வேண்டாம் என்கிறாள். அவள் வேலைக்குப் போவது ஜனவரியோடு நின்றது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வசதியாகத்தான் இருக்கிறது. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எப்படியும் ஏப்ரலில் ஏரி உருகும்வரை முடிவு கிடையாது. 'தண்ணியில இறக்காத படகுக்கு விலை பேசாதே' என்று முருகையன் மாமாவிடம் நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. உருகியதும் ஏரியில் இறக்கி, முழு வேகத்தில் ஓட்டிப்பார்த்துவிட்டுப் பேசலாம் என்று வாத்தியாரே சொன்னார். வாலாய் மீன் பிடிக்க மே 10-ஆம் தேதிதான் திறப்பு. அதுவரை அவர் வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

அம்மா பயப்படுவாள். பத்து வயசுக்குள் இருக்கும் பிள்ளை ஓடுகிற படகில் மிதவைச் சட்டை போட்டே ஆகவேண்டும் என்பது இந்த மாநிலத்தில் சட்டம், சின்னவனுக்கு இப்போதே வாங்கிவிட்டேன். வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிகிறான். பெரியவள் பள்ளிக்கூட நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துகிறாள். நானும் ஏறுவேன். ஏறித்தான் ஆகவேண்டும்.

இனி வீட்டு விஷயம். இந்த மாதம் அனுப்பியது குறைவு, அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன், சங்கத்தில் இஞ்சின் கடன் தவணைக்கு அதை முதலில் கட்டிவிடுங்கள். ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம், தம்பி போகும் விசைப்படகு 61 நாள் கட்டிக் கிடக்கும். அந்த நாளில் அவன் கேரளாவுக்கு வேலைக்குப் போகிறேன் என்று சொன்னானாமே, அனுப்பாதீர்கள். நம்ம பைபர் அடிப்பக்கம் சுரண்டிப் பூச வேண்டியிருக்கிறது, உங்களால் குனிய முடியாது, அவன் செய்யட்டும். அம்மா முட்டிக்கு எண்ணெய் மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தால் ஆகாது, தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். தரங்கம்பாடி மாப்பிள்ளை வீட்டுக்கு உடனே சரி என்று சொல்லிவிட வேண்டாம். பையன் சொந்தப் படகு என்கிறான் என்றால் படகு யார் பேரில் இருக்கிறது என்று முருகையன் மாமா போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். தங்கச்சிக்குப் பிடித்திருக்கிறதா என்பதை அவளே எனக்குத் தனியாக ஒரு காகிதத்தில் எழுதட்டும். இந்தக் கடிதத்தைப் படித்துக்காட்டுபவளும் பதில் எழுதுபவளும் அவள்தானே, அம்மா, இதைக் கேட்டுக்கொள்.

அப்பா, எனக்கு ஒரு பதில் வேண்டும். ஊறின இடம் உள்ளங்கை அகலம்தான், மேல் மூலையில், இஞ்சின் போல்ட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி. மற்ற இடமெல்லாம் கெட்டி. அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுப் பலகை வைத்தால் தாங்குமா, இல்லை, ஊறல் உள்ளே ஓடியிருக்குமா? பலகை முழுவதையும் மாற்றணும் என்றால் விட்டுவிடுகிறேன். ஏப்ரல் மாதக் கடைசிக்குள் எனக்குக் கிடைக்கிற மாதிரி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
குமார்