அடைத்தவர்களின் கணக்கும் விடுபட்ட கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குண்டர் தடுப்புச் சட்டத்தில் இத்தனை பேர் சிறையில் அடைக்கப்பட்டனர் என்ற செய்தி அடிக்கடி வெளியாகிறது. குற்றத்தைக் கட்டுப்படுத்தியதற்கு இந்த எண்ணிக்கையே சான்றாகக் கொள்ளப்படுவது, வியாசர்பாடியில் முப்பது ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றிய எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

1982ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், வழக்கு விசாரணை முடியும் முன்பே ஒருவரை ஓராண்டு வரை காவலில் வைக்க இடமளிக்கிறது. பழிக்குப் பழியாகத் தொடரும் கொலைகளுக்கு இடையே அந்த ஓராண்டு சில உயிர்களைக் காத்திருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், ஆவணங்களின் நகல் தெளிவாக இல்லை, முறையீட்டைப் பரிசீலிப்பதில் தாமதம் என்பன போன்ற காரணங்களால் உயர் நீதிமன்றம் பல ஆணைகளை ரத்து செய்துவிடுகிறது. மூல வழக்கோ சாட்சி விசாரணைக்கே வராமல் கிடக்க, புழல் சிறையில் பழகிய புதிய கூட்டாளிகளோடு இளைஞன் வெளியே வருகிறான்.

என்னிடம் படித்த ஒருவன் பத்தொன்பது வயதில் அடிதடி வழக்கொன்றில் சிக்கினான். ஜாமீனில் வந்து, பெரம்பூரில் ஏசி மெக்கானிக் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தான். திருவிழா, தேர்தல், தலைவர்கள் வருகை என எது வந்தாலும் நள்ளிரவில் அவன் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. விசாரணை என்று அழைத்துச் சென்றவர்கள் மறுநாள் மாலைதான் அனுப்பினார்கள். மூன்றாவது முறை வேலை போய்விட்டது. காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் அவன் தாய், "கேஸை நடத்தி தண்டனை கொடுத்திருந்தாகூட என்னைக்காவது முடிஞ்சிருக்கும், சார்" என்றார். வழக்கு ஆறாவது ஆண்டாக வாய்தாவில் இருக்கிறது.

முதல் முறை தவறியவரை நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் விடுவிக்க நீதிமன்றத்துக்கு வழி செய்யும் சட்டம் 1958 முதலே இருக்கிறது. அப்படியோர் அலுவலர் உண்டு என்பதையே எங்கள் தெருவில் பலர் அறியார். காவல்துறை நடத்தும் சிறார் மன்றங்களில் கேரம் ஆடி, மாலைப் பாடம் படித்து, காவலரை அண்ணன் என்று அழைத்து வளர்ந்த பிள்ளைகளையும் நான் அறிவேன். அந்த உறவு பதினெட்டு வயதோடு அறுந்துவிடுகிறது.

எனவே ஒரு வேண்டுகோள். அடைக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையை அறிவிக்கும்போது, அவர்களில் எத்தனை பேரின் மூல வழக்கு தீர்ப்பு வரை சென்றது, விடுதலையான இரண்டு ஆண்டுகளுக்குள் எத்தனை பேர் மீண்டும் கைதானார்கள் என்ற இரு கணக்குகளையும் காவல்துறை சேர்த்து வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
வியாசர்பாடி, சென்னை.