பள்ளத்து மனை வேண்டாம்

பிரிஸ்பேன், ஆஸ்திரேலியா
24 ஜனவரி 2011

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். நீங்கள், அம்மா, அப்பத்தா, தம்பி எல்லோரும் நலம்தானே? கடிதம் எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. போனில் பேசுவதால் எழுதத் தோன்றுவதில்லை. ஆனால் இங்கே வந்த வெள்ளத்தைப் பற்றிப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. லைன் கிடைத்தபோதெல்லாம் அம்மாவுக்கு அழுகை, நான் "ஒன்றும் ஆகவில்லை" என்று தேற்றுவது, அதற்குள் கார்டில் காசு தீர்ந்துவிடும். நம் கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிகிற கலுங்குக்குக் கிழக்கே, வீடு கட்டத் தம்பி பார்த்திருக்கும் இடத்தைப் பற்றியும் நீங்கள் கேட்டீர்கள். இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். படித்துவிட்டுத் தம்பியிடமும் கொடுங்கள்.

நான் இங்கே வந்த புதிதில் இந்த ஊர் தண்ணீருக்குத் தவித்த கதையை அப்போதே கொஞ்சம் சொல்லியிருக்கிறேன். நம்மைத் தண்ணியில்லாக் காடு என்கிறார்களே, இங்கேயும் அப்படித்தான் இருந்தது. 2007 ஆகஸ்டில் இந்த நகரத்துக்குத் தண்ணீர் தரும் மூன்று அணைகளிலும் சேர்த்து 17 சதவீதம்கூட இல்லை. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 140 லிட்டருக்குள் முடிக்கச் சொல்லி அரசாங்கம் கேட்டது. நாலு நிமிஷத்தில் குளித்து முடிக்கக் குளியலறையில் ஒட்டிவைக்கும் சின்ன மணல் கடிகாரம் கொடுத்தார்கள். தோட்டத்துக்குக் குழாய் மாட்டித் தண்ணீர் விடக் கூடாது. ஊருணியில் தண்ணீர் சுமந்து வளர்ந்த எனக்கு 140 லிட்டர் தாராளம்தான். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் ராத்திரி டி.வி.யில் அணை மட்டத்தைப் பார்க்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். கார்த்திகை பிறந்தும் மழை இறங்காத வருஷங்களில் நீங்கள் வரப்பில் நின்று பார்ப்பீர்களே, அதே முகம்.

அந்த வருஷங்களில் எல்லோருடைய யோசனையும் ஒரே பக்கம்தான் போனது. தண்ணீர் எங்கிருந்து கொண்டுவருவது? தெற்கே டுகன் என்ற இடத்தில் கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் பெரிய ஆலை கட்டினார்கள். நம் நரிப்பையூரில் இருப்பதைப் போல, ஆனால் பல மடங்கு பெரியது. வீட்டுக்கு வீடு மழைத் தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். வெள்ளம் என்ற பேச்சே கிடையாது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார். 1974 ஜனவரியில் ஆறு ஊருக்குள் வந்ததைக் கண்ணால் பார்த்தவர். தன் வீட்டுத் தூணில் அந்தத் தண்ணீர் நின்ற உயரத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். என் தலைக்கு மேலே இருந்தது அந்தக் கோடு. புதிதாகக் குடிவந்த பிள்ளைகள், "அதுக்கப்புறம்தான் அணை கட்டியாச்சே, இனி வராது" என்பார்கள்.

அவர்கள் சொல்வது விவன்ஹோ அணையை. 74 வெள்ளத்துக்குப் பிறகு கட்டியது. நம் வைகை அணையைப்போல ஆறு மடங்குக்கும் மேல் தண்ணீர் பிடிக்கும், குடிநீருக்கு மட்டும். அதற்கு மேலே வெள்ளத்தைத் தாங்கிப் பிடிப்பதற்கென்று அதைவிடப் பெரிய இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறார்கள்.

2010 பின்பாதியில் மழை ஆரம்பித்தது. முதலில் எங்களுக்குக் கொண்டாட்டம். அணைகள் நிரம்பின, புல் பச்சைக் கட்டியது. அப்புறம் அது நிற்கவே இல்லை. இந்த மாநிலத்தில் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து இவ்வளவு மழை பெய்த டிசம்பரே கிடையாதாம். பசிபிக் கடலின் சூடு இடம் மாறி இந்தப் பக்கம் குவியும்போது இப்படிப் பெய்யும் என்கிறார்கள், அதை லா நினா என்கிறார்கள். மண் குடிக்க முடிந்த அளவு குடித்துவிட்டது. அதற்குமேல் விழுந்ததெல்லாம் ஓடத்தானே வேண்டும்.

ஜனவரி 10, திங்கட்கிழமை. இங்கிருந்து மேற்கே மலைமேல் டூவும்பா என்று ஒரு ஊர். மலைமேல் இருக்கிற ஊரில் வெள்ளம் வரும் என்று யார் நினைப்பார்கள்? மத்தியானம் கொஞ்ச நேரத்தில் தெருவே ஆறாகிவிட்டது. கார்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மிதந்துபோனதை டி.வி.யில் காட்டினார்கள். அதே மழை மலைக்குக் கீழே லாக்கியர் பள்ளத்தாக்கிலும் கொட்டி, அந்த வெள்ளம் கிராந்தம் என்ற சின்ன ஊரை அடித்துக்கொண்டு போனது. நம் பக்கத்துக் கிராமங்கள் மாதிரி காய்கறி விளைகிற ஊர். பச்சைப்பிள்ளைகூடத் தப்பவில்லை அப்பா. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் பிரிஸ்பேனிலும் ஆறு ஏறும், 74ஐத் தாண்டலாம் என்று அறிவித்தார்கள். எங்கள் வீடு ஃபேர்ஃபீல்டில் ஆற்றை ஒட்டிய பள்ளத்தில். இந்த ஊர் பழைய வீடுகளைத் தூண்மேல் தூக்கிக் கட்டியிருப்பார்கள், கீழே காரும் துணி துவைக்கும் மெஷினும் இருக்கும். அந்தப் பெரியவர் வந்து கதவைத் தட்டி, "துணிமணியும் பேப்பர்களும் மட்டும் எடுத்துக்கொண்டு இப்போதே கிளம்பு" என்றார். உங்கள் மருமகள் பாஸ்போர்ட், சர்டிபிகேட், பாப்பாவின் மருந்து இவற்றை ஒரு பையில் போட்டாள். நான் தரையில் கிடந்ததை எல்லாம் கட்டில்மேலும் மேசைமேலும் ஏற்றினேன். மேட்டிலிருக்கும் மவுண்ட் கிராவட்டில் நம் திருவாடானைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அங்கே போய்விட்டோம்.

உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இனிமேல்தான் வருகிறது. புதன்கிழமை இங்கே மழையே இல்லை. வெயில் அடித்தது. மேலே பெய்த தண்ணீர் வெயிலில் நிதானமாக வந்து ஏறியது. அதுவும் எல்லா இடத்திலும் ஆற்றங்கரையைத் தாண்டி வரவில்லை. பல தெருக்களில் ஆறு கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருக்க, மழைநீர் வடிகாலின் வாய் வழியாகப் பின்னோக்கி ஏறி வந்தது. முன்னொரு காலத்தில் ஓடையாக இருந்து, மேலே தார் போட்டு, வீடு கட்டி, மறந்துபோன இடங்கள் எவையோ அவையெல்லாம் முதலில் நிறைந்தன. மேலேயிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் பழைய ஓடைகள் அத்தனையும் வரைந்து வைத்த மாதிரி தெரிந்தன. பக்கத்திலேயே ஓர் ஆள் உயரம் மேடான தெருவில் செடிகூட நனையவில்லை. இந்த ஆற்றில் கடல் ஏற்றமும் உண்டு. ஏற்ற நேரத்தில் தண்ணீர் வடியாமல் நின்று இன்னும் ஏறியது.

வியாழன், 13ஆம் தேதி விடியற்காலை, 4.46 மீட்டரில் நின்றது. 74இல் 5.45. அந்தப் பெரியவர் போட்ட கோட்டைத் தொடவில்லை. அப்படியும் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு. நான் வேலை பார்க்கும் ராக்லீ மொத்தக் காய்கறிச் சந்தையும் முழுகிவிட்டது. படகுகள், படகுத்துறைகள், ஆற்றில் மிதக்கிற மாதிரி கட்டியிருந்த நடைபாதை எல்லாம் அறுத்துக்கொண்டு போயின. அந்த நடைபாதையில் நூறு மீட்டருக்கு மேல் நீளமான ஒரு துண்டு பாலத்தில் மோதப் பாய்ந்து வந்ததை, ஒரு சின்ன இழுவைப் படகு முட்டி முட்டித் திருப்பிக் கடல் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தது. கடலுக்குப் போகிற மாமாவிடம் இதைச் சொல்லுங்கள், அந்தப் படகோட்டியின் கை எப்படிப்பட்டது என்று அவருக்குத்தான் தெரியும்.

வெள்ளி, நமக்குப் போகி. தண்ணீர் வடிந்து உள்ளே போனோம். சேறு என்றால் வயல் சேறு இல்லை. எண்ணெய், சாக்கடை, செத்த மீன் எல்லாம் கலந்த நாற்றம். கிரைண்டர், பாய், மெத்தை, அரிசி, பாப்பாவின் புத்தகங்கள் ஒன்றும் தேறவில்லை. தெரு முழுக்க ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வீட்டுச் சாமான் குவிந்து கிடந்தது.

பொங்கலன்று காலையில் முன்பின் தெரியாத ஆட்கள் மண்வெட்டியும் முட்டுவரை பூட்ஸுமாகத் தெருவில் நின்றார்கள். மாநகராட்சியே பஸ் விட்டு அழைத்து வந்திருந்தது. அந்த இரண்டு நாளில் நகரம் முழுக்கப் பல்லாயிரம் பேர் இப்படி வந்தார்களாம். எங்கள் வீட்டுக்குள் வந்த ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கும் எங்கள் பெயர்கூடத் தெரியாது. சேற்றை வழித்து, சுவரைக் கழுவி, நனைந்த பலகையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். திருவாடானை அக்கா பொங்கல் வைத்துப் பெரிய சட்டியில் கொடுத்தனுப்பியிருந்தார். சேற்றுக் கையைத் துடைத்துவிட்டு எல்லோரும் சாப்பிட்டார்கள். வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. நான் இந்த நாட்டில் வேற்றாள் இல்லை என்று அன்றைக்குத்தான் மனசுக்குப் பட்டது.

இப்போது ஊரெல்லாம் ஒரே விவாதம், அணையைப் பற்றி. மழைக்காலத்துக்கு முன்னாலேயே இன்னும் இறக்கி வைத்திருக்கலாமே என்கிறார்கள் ஒரு சாரார். குடிநீருக்கென்று ஒதுக்கிய அளவை நூறு என்று வைத்தால், 190 சதவீதம் வரைக்கும் ஏறியது. அதாவது வெள்ளத்துக்கென்று விட்ட இடமும் நிரம்பிக்கொண்டே வந்து, திறந்துவிடாமல் வேறு வழியில்லை என்றானது. அணை மட்டும் இல்லாவிட்டால் ஊருக்குள் இன்னும் ஏறியிருக்கும் என்கிறார்கள் மறு சாரார். விசாரணைக் கமிஷன் போட்டிருக்கிறார்கள், அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். எனக்கு நம் கலுங்குதான் ஞாபகம் வந்தது. கலுங்குக் கல்லுக்கு நடுவே மண் அடைத்து அரை அடி கூடத் தேக்குவதா, எடுத்துவிடுவதா என்று நீங்களும் மேலக்கரைக்காரர்களும் மல்லுக்கு நிற்பீர்களே. அந்த அரை அடித் தண்ணீர் ஒரு தண்ணிப் பாய்ச்சலுக்கு ஆகும், பயிரைக் காப்பாற்றும். 17 சதவீதத்தைப் பார்த்தவனுக்கும் நிறைந்த தண்ணீரை வெளியே விட மனசு வராது. யாரையும் குற்றம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் தம்பி விஷயத்தில் நான் சொல்லியே ஆக வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம், முன்னால் கடை, பின்னால் வீடு என்று அவன் போடும் கணக்கு எனக்குப் புரிகிறது. விலையும் சகாயம்தான். அது ஏன் சகாயமாக வருகிறது? கலுங்குத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கும், அங்கிருந்து கடலுக்கும் போகிற வழி அது. பல வருஷமாகக் கலுங்கு பாயவில்லை, அதனால் ஓடை இல்லை என்கிறான். கலுங்கு பாயாததற்குக் காரணம் மழை மட்டுமா? வரத்துக்கால் நெடுகச் சீமைக்கருவேலம். பெய்த மழையும் கண்மாய்க்கு வந்து சேரவில்லை. நூறு நாள் வேலையில் வரத்துக்காலை வெட்டப்போகிறார்கள் என்று நீங்களே சொன்னீர்கள். நல்லது, வெட்டட்டும். வெட்டினால் தண்ணீர் வரும். ஐப்பசி கார்த்திகையில் நாலு நாள் விடாமல் பெய்தால் கண்மாய் நிறையும். நிறைந்தால் கலுங்கு பாயும். பாய்ந்தால் அவன் கடைக்குள்தான் பாயும். பட்டாவும் பத்திரமும் கையில் இருக்கிறதே என்று தண்ணீர் ஒதுங்கிப் போகாது.

அப்பத்தாவிடம் கேட்கச் சொல்லுங்கள். தனுஷ்கோடிப் புயலைச் சொல்லும்போதெல்லாம் அந்த 1964 டிசம்பரில் நம் ஊரில் எதுவரைக்கும் தண்ணீர் நின்றது என்று அப்பத்தா கை காட்டும். சின்ன வயதில் கதை மாதிரி கேட்டோம். தம்பி அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போய், அந்த இடத்தில் நிற்க வைத்து, எதுவரைக்கும் என்று மறுபடி கேட்கட்டும். அதன் பிறகும் அவனுக்கு அங்கேதான் கட்ட வேண்டும் என்றால் நான் வாய் திறக்கவில்லை.

இங்கே இன்னொன்றும் பார்த்தேன். இன்சூரன்ஸ் கட்டியவர்களில் பலருக்குப் பணம் வரவில்லை. மழைத் தண்ணீர் கூரை வழியாக வந்தால் உண்டு, ஆறு ஏறி வந்தால் இல்லை என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதாம். வருஷக்கணக்கில் பணம் கட்டியவர்கள் வாசலில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன். நமக்கு அந்தக் காகிதமும் கிடையாது.

பனைகளுக்குப் பக்கத்தில் நம் மேட்டுப் புஞ்சை சும்மாதானே கிடக்கிறது? ரோட்டுக்குக் கொஞ்சம் தூரம், பாதை போட வேண்டும், போர் போட்டால் தண்ணீர் உப்பாக இருக்கும். எல்லாம் தெரியும். பாதைக்கும் தொட்டிக்கும் ஆகிற செலவை நான் அனுப்புகிறேன். சந்தை திறந்துவிட்டது, எனக்கு வேலை இருக்கிறது, அந்தக் கவலை வேண்டாம். கடை வேண்டுமென்றால் ரோட்டோரம் வாடகைக்குப் பார்க்கட்டும். பிள்ளைகள் ராத்திரி படுத்துத் தூங்குகிற இடம் மட்டும் மேட்டில் இருக்க வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்கள். கொடுத்துவிட்டான் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், போனது போகட்டும், மீதியை நிறுத்திக்கொள்ளலாம்.

நாங்கள் இன்னும் மவுண்ட் கிராவட்டில்தான் இருக்கிறோம். வேறு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன், முகவரி கிடைத்ததும் எழுதுகிறேன். பாப்பா அப்பத்தாவிடம் பேச வேண்டும் என்கிறாள், ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் காலை நேரமாகப் பார்த்துக் கூப்பிடுகிறோம். அம்மாவின் முழங்காலுக்கு அந்த டாக்டரிடமே தொடர்ந்து காட்டுங்கள், மருந்தை நிறுத்த வேண்டாம்.

உங்கள் அன்பு மகன்