கல் பதிக்க முதல் வடிகாலைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

பரந்தன், மாங்குளம், புதுக்குடியிருப்பு போன்ற சந்திகளுக்கு நகர மேம்பாட்டு நிதி வந்தால், அது எந்த மாதத்தில் வேலையாகிறது என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும். நிதியாண்டு டிசெம்பர் 31இல் முடிகிறது. ஒதுக்கீட்டுக் கடிதம் வந்து, மதிப்பீடு போட்டு, விலைமனு கோரி, ஒப்பந்தம் எழுதவே பல மாதங்கள் ஓடிவிடும். ஒப்பந்தகாரர் மண்வெட்டி எடுக்க ஒக்ரோபர், கூடவே மாரியும் வந்துவிடும். செலவழியாத காசு திரும்பிப் போய்விடும் என்ற அவசரத்தில் ஈரமண்ணின்மேல் இன்ரர்லொக் கல் பதிக்கிறார்கள். தண்ணீர் ஊறிய மண் எத்தனை தரம் ரோலர் ஓட்டினாலும் இறுகாது. அடுத்த கோடையில் பஸ் நிற்கும் இடமெல்லாம் குழி.

கல்லின் கனத்தையும் பாருங்கள். ஆட்கள் நடக்க 60 மில்லிமீற்றர் போதும், வாகனம் ஏறும் இடத்துக்கு 80 வேண்டும். ஓரக்கட்டு இல்லாவிட்டால் கரைக்கற்கள் விலகி, அடியில் போட்ட மணல் மழையோடு போய்விடும்.

இவை எல்லாவற்றுக்கும் முதல் வடிகால். ஏ9 வீதியும் அதன் மதகுகளும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. கடைத்தெரு வடிகாலைக் கட்டுவது பிரதேச சபை. இரண்டு பகுதியும் சேர்ந்து மட்டம் பார்க்காவிட்டால் வடிகாலின் அடி மதகைவிடப் பதிந்து, தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும். 200க்கு 1 சரிவென்றால் 100 மீற்றருக்கு அரை மீற்றர் இறக்கம் வேண்டும். கிளிநொச்சி போன்ற சமதரையில் அது சின்ன விடயமல்ல. ஆகவே தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் மட்டத்தை எடுத்து, அங்கிருந்து மேல்நோக்கி வரவேண்டும். (திறப்புவிழாக் கல் மட்டும் எங்கேயும் மட்டம் பிசகுவதில்லை.)

நடைபாதை ஓரத்து வடிகால் மூடிகளை இரண்டடிக்கு இரண்டடி, மூன்று அங்குலக் கனத்தில் வார்த்தெடுங்கள். ஒரு கன அடி கொங்கிறீற், ஏறத்தாழ 68 கிலோ. கம்பி வளையம் வைத்தால் இரண்டு பேர் தூக்கலாம். நாலடி மூடிக்கு இயந்திரம் வேண்டும். அதனால் ஒருவரும் திறப்பதில்லை, உள்ளே மண் நிரம்பிவிடும். தண்ணீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் கல்லுக்குக் கீழே குறுக்காக 110 மில்லிமீற்றர் பிவிசி குழாய்களை முன்கூட்டியே போட்டுவிட்டால் பிறகு கிண்டத் தேவையில்லை.

சபைகள் அடுத்த ஆண்டு வேலைகளின் மட்ட அளவையும் மதிப்பீடும் வீதி அதிகார சபையின் சம்மதமும் டிசெம்பருக்குள் கையில் இருக்கும்படி செய்யவேண்டும். ஒதுக்கீடு வந்த கையோடு விலைமனு கோரினால் கோடையிலேயே வேலை முடியும். வியாபாரிகள் சங்கங்களும் சும்மா இருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் அளவு விபரப் பட்டியலை, அதாவது என்ன வேலை, எவ்வளவு என்று காட்டும் பட்டியலை, சபையிடம் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். ஒப்பந்தகாரரிடம் தடுத்துவைக்கும் பணத்தை ஒரு மாரி கழிந்து, வடிகாலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்த பிறகே விடுவிக்கும்படி ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
கிளிநொச்சி.