குளுக்கோஸ் பாட்டில்

பழைய வண்ணாரப்பேட்டை,
ஞாயிறு காலை

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மகளுக்கு ஈரோட்டில் வேலை கிடைத்ததை வீட்டில் சத்தமாகவே வாசித்துக் காட்டினேன். இங்கே ஆடி வியாபாரம் சுமார்தான். எம்.சி. ரோட்டில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் பாதிப் பேர் விலையைக் கேட்டுவிட்டு, போனில் ஒரு தடவை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

சரி, எடை குறைய இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று நீ கேட்டதற்கு வருகிறேன். 104 கிலோ, 165 செ.மீ. என்று எழுதியிருக்கிறாய். கணக்குப் போட்டால் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற அளவு, 38 வருகிறது. 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல்படி 35க்கு மேல் இருந்தால் ஆபரேஷனுக்குச் சிபாரிசு செய்யலாம். நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 27.5லிருந்தே யோசிக்கலாமாம். ஆக, செய்யக் கூடாது என்று யாரும் உன்னிடம் சொல்லப் போவதில்லை. அதனால்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது.

உன் மனைவி பயப்படுவது 2024 ஏப்ரலில் வந்த செய்தியை வைத்துத்தானே? புதுச்சேரியிலிருந்து இங்கே ஆபரேஷனுக்கு வந்த இளைஞர் இறந்துபோய், அரசு விசாரணை வரைக்கும் போனது. அந்தப் பயத்தைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். நல்ல இடங்களில் முதல் ஒரு மாதத்தில் உயிர் போவது ஆயிரத்தில் ஒருவருக்கோ இரண்டு மூன்று பேருக்கோதான். ஆனால் அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டி எழுதி வைத்திருக்காது. தையல் போட்ட இடத்தில் கசியலாம். கெண்டைக்காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம். அதற்காகத்தான் என்னை அன்று மாலையே எழுப்பி நடக்கவிட்டார்கள்.

எனக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

மூன்றாவது வாரம் வாந்தி ஆரம்பித்தது. கஞ்சித் தண்ணீர்கூட நிற்கவில்லை. ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் போட்டால், "அப்படித்தான் இருக்கும், மெதுவாகக் குடியுங்கள்" என்றார்கள். அந்தப் பெண் பார்த்துப் படிக்கிற மாதிரியே சொன்னாள். ஐந்தாவது வாரம் கடைப் படியில் கால் எங்கே வைக்கிறேன் என்றே தெரியவில்லை. வேட்டிக் கட்டு இரண்டு இரண்டாகத் தெரிந்தது. தம்பி என்னைத் தெருமுனை கிளினிக்கில் படுக்க வைத்தான். அங்கே நம் ஊர் வழக்கப்படி, "உடம்பில் தெம்பில்லை, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க."

எதிர்வீட்டு அக்கா நல்லவேளையாகக் கூட வந்திருந்தார். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டிலைத் தொங்கவிடும்போதே கையை நீட்டித் தடுத்தார். "முதல்ல பி1 ஊசி போடுங்க, அப்புறம் இது" என்றார். டாக்டர் முகம் சுளித்தார். அக்கா நகரவில்லை.

பிறகுதான் எனக்கு விளக்கினார். தயாமின் என்கிற பி1 சத்து உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு இருக்குமாம். விடாமல் வாந்தி எடுத்தால் தீர்ந்துவிடும். குளுக்கோஸை எரிக்க உடம்புக்கு அந்தச் சத்து வேண்டும். தீர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் போய் மூளையையே பாதிக்கலாம். சாதாரண ஊசி மருந்து, பாஸ்கர். அது தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தாரா என்பதுதான் விஷயம். என் கண் சரியாகிவிட்டது. இடது பாதத்தில் மரத்துப்போனது மட்டும் போகவில்லை. செருப்பு கழன்றால் பத்தடி தாண்டித்தான் தெரிகிறது.

மற்றதெல்லாம் இதோடு ஒப்பிட்டால் சில்லறைத் தொல்லை. நான்காவது மாதம் சீப்பு நிறைய முடி வந்தது. பிறகு முளைத்தது. ராத்திரி நெஞ்செரிச்சலுக்கு இரண்டு தலையணை. பி12, இரும்பு, கால்சியம் எல்லாம் ஆயுளுக்கும். எடை வேகமாக இறங்கியதில் பித்தப்பையில் கல் வந்திருக்கிறது. ரோஸ்மில்க் ஒரு மடக்கு வேகமாகக் குடித்தால் நெஞ்சு படபடத்து வியர்க்கிறது.

ஆனால் சர்க்கரை மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். 126 கிலோ இருந்தவன் 84 வரை போய், இப்போது 91இல் நிற்கிறேன். மேம்பாலப் படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. திரும்ப முடிவெடுக்கச் சொன்னாலும் செய்துகொள்வேன், ஆனால் அந்த இடத்தில் இல்லை.

உன் ஊர் ஆஸ்பத்திரி பேக்கேஜ் விலையை எழுதியிருக்கிறாய். அந்தக் காசு டிஸ்சார்ஜ் வரைக்கும்தானே? ஐந்தாவது வாரம் ராத்திரி பத்து மணிக்கு நீ கூப்பிட்டால் யார் எடுப்பார்கள், வருஷா வருஷம் ரத்தம் பார்ப்பது யார் என்று கேள். ஸ்லீவ் இல்லை, பைபாஸ் (இரைப்பையைச் சின்னப் பையாக்கிச் சிறுகுடலோடு இணைப்பது) என்று சொன்னால், மூட்டுவலிக்கு நீயாகவே மெடிக்கலில் வாங்கிப் போடும் மாத்திரையைப் பற்றியும், சிகரெட்டைப் பற்றியும் மறைக்காமல் சொல். அந்த இணைப்பில் இரண்டுமே புண் வைக்கும். சம்மதப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தமிழில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. நான் மேஜையில் நின்றபடியே ஏழு இடத்தில் போட்டேன்.

அடுத்த மாதம் சரக்கு எடுக்க வருகிறாய் அல்லவா, ரிப்போர்ட்டையெல்லாம் எடுத்து வா. அக்காவிடம் காட்டுவோம். விடியற்காலை காசிமேட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கலாம். எனக்கு ஒரு துண்டு போதும், மிச்சம் உன் பாடு.

அன்புடன்,
தாஸ்