எண்கு என்னும் பழைய கரடி

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்தி நற்றிணை படிக்கத் தொடங்கியிருக்கிறாள் என்பதில் மிகுந்த மகிழ்ச்சி. எண்கு என்றால் கரடி என்று உரையில் இருக்கிறதே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டாளாம். நல்ல கேள்வி.

'எண்' என்பதோடு அதைச் சேர்க்க வேண்டாம். தெலுங்கில் கரடிக்கு எலுகு, பேச்சில் எலுகுபண்டி. நம்முடைய ண் நிற்கும் இடத்தில் அங்கே ல் நிற்கிறது. எண்ணுவதற்கோ தெலுங்கிலும் மூக்கொலியோடு 'என்னு' என்பார்கள். ஆகவே வேர் வேறு. நம் கள், முள் இரண்டும் அங்கே கல்லு, முல்லு ஆவதைப் பார். எண்கின் ண்-க்கு அடியிலும் பழைய ள் ஒன்று இருந்திருக்க வேண்டும். எள்ளும் நெய்யும் சேர்ந்து எண்ணெய் ஆனதே, அதே மாற்றம்தான். ஆனால் ள் நேராகக் ககரத்தைச் சந்தித்தால் ட் அல்லவா வரும்? முள்+குறை முட்குறை ஆகிறது. எனவே இடையில் ஒரு மெல்லெழுத்தும் இருந்து மறைந்தது என்று கொள்வதே பொருத்தம். எள்ளைப்போல் கறுத்தது, அதனால் எண்கு என்பாரும் உண்டு. ஆனால் தெலுங்கில் எள்ளுக்கு நுவ்வு என்று பெயர், எலுகோடு அது ஒட்டாது. ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து அதை நான் ஏற்கமாட்டேன்.

பொருளில் ஐயமே இல்லை. நற்றிணை 125-இல் எண்கின் ஏற்றை, அதாவது ஆண் கரடி, புற்றைப் பெயர்த்து, 'கொல்லன் ஊது உலைக் குருகின்' மூச்சுவிட்டு அகழ்கிறது. குருகு இங்கே பறவை அன்று, துருத்தி. பிள்ளைகள் தடுமாறும் இடம் இது. நம் காட்டுக் கரடிக்கு மேல்தாடையின் நடு முன்பற்கள் இரண்டும் கிடையாது. முதலில் மண்ணை ஊதித் தள்ளும். பிறகு நாசியை மூடிக்கொண்டு, உதட்டைக் குவித்து, அந்த இடைவெளி வழியே கறையானை உறிஞ்சும். அந்த ஓசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். துருத்தி என்று சொன்ன புலவர் அதைக் காதால் கேட்டவர் என்றே நம்புகிறேன்.

அகநானூறு 15-இல் எண்கு இருப்பைப் பூவைத் தின்று, கொன்றையின் குழல்போன்ற பழத்தையும் கோதுகிறது. இருப்பை என்பது நம் இலுப்பைதான். இரண்டுமே இந்தக் கரடி இன்றும் தின்பவை.

திருமுருகாற்றுப்படையில் வேறு பெயர்: 'குடாவடி உளியம்'. உளியம் என்றாலும் கரடிதான். குடா என்றால் வளைந்தது. உள்நோக்கித் திரும்பிய பாதம். பின்னால் நிகண்டுகள் குடாவடியையே கரடியின் பெயராக்கிவிட்டன.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல். ஏற்றை என்றால் கரடி அன்று. ஆற்றலுள்ள ஆண் எல்லாவற்றுக்கும் அது உரியது என்கிறது தொல்காப்பிய மரபியல். அகநானூறு 72-இல் எண்கு என்ற சொல்லே இல்லை, 'பெருங்கை ஏற்றை' மட்டும்தான். மின்மினி மொய்த்த புற்றைக் கிளறி, 'குரும்பி', அதாவது கறையான் புற்றுக்குள் இருக்கும் புற்றாஞ்சோற்றைத் தோண்டுவதைக் கொண்டுதான் அது கரடி என்று அறிகிறோம்.

அன்புடன்,
உன் நண்பன்